வெறும் குரல்

கனமான கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண் வெளியே போனதும் உலகத்தில் இருந்த சத்தமெல்லாம் அவள் பின்னாலேயே போய்விட்டது. பிலவேந்திரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு காதையும் கவ்விய ஹெட்போன், கையில் ஒரு பொத்தான், எதிரே சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் மெஷினில் தலை குனிந்திருக்கும் சுகிர்தா. எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் அழுத்துங்க சார், முதல்ல ரெண்டு காதுலயும் தடிச்ச சத்தமா வரும், அப்புறம் போகப்போக மெலிஞ்சு கீச்சுன்னு வரும் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கா சொல்றே தாயி, சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மூவாயிரம் பேர் இந்தக் காதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பூம் என்று ஒன்று வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் யாரோ பெரிய டிரம்மைத் தட்டியதுபோல. அழுத்தினார். அதைவிட மெதுவாக இன்னொரு பூம். அழுத்தினார். இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு ஒன்று. அதையும் விடவில்லை, பிடித்துவிட்டார். அடுத்த காதிலும் அப்படியே. பார்த்தியா என்பதுபோல் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் நிமிரவில்லை. காதில் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் தில்லைநகருக்கு வந்தார். டாக்டர் விளக்கை வைத்து உள்ளே பார்த்துவிட்டு, காது ரெண்டும் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கே என்றார். சுத்தமாக இருப்பதற்காக ஒரு மனிதன் வருத்தப்பட்டது இன்றைக்குத்தான். ஆனாலும் இந்தப் பூம்களை அவர் ஒன்றுவிடாமல் பிடித்திருக்கிறாரே, அப்புறம் என்ன குறை.

அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. மெஷினில் எதையோ மாற்றுகிறாள் போலிருக்கிறது. எந்த மெஷினும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேரம் எடுக்கத்தான் செய்யும், துவாக்குடி ஷெட்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வெல்டிங் சோதனை பார்த்தவருக்கு இது தெரியாதா. காத்திருக்கலாம். காத்திருப்பது அவருக்குப் பழகின காரியம். ஓரத்துப் பாட்டு என்று அந்த டெலிகிராம் சேனலை ஆரம்பித்ததிலிருந்து அவர் செய்வது பாதி காத்திருப்புதானே. சினிமாப் பாட்டு கிடையாது, பெரிய கம்பெனி வெளியிட்ட பாட்டு கிடையாது. தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, கட்டிலுக்கு அடியிலும் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்திலும் பதிவுசெய்து, வலையில் போட்டுவிட்டு, நாற்பது பேர்கூடக் கேட்காமல் கிடக்கிற பாட்டுகள். இண்டி என்கிறார்கள் பிள்ளைகள். அந்தப் பேர் அவர் வாயில் படியவே நாளாயிற்று. தேடுவதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. தெரியாத ஒருத்தர் பாட்டுக்குக் கீழே யார் வந்து அருமை என்று எழுதியிருக்கிறார்களோ, அவர்கள் பக்கத்துக்குப் போவார். அங்கே யார் எழுதியிருக்கிறார்களோ அவர்கள் பக்கத்துக்கு. பாடுகிறவர்களை முதலில் கேட்கிறவர்கள் இன்னும் யாரும் கேட்காத வேறு பாடகர்கள்தான் என்பது அவர் கண்டுபிடித்த உண்மை. அப்படித்தான் கூடலூரில் தேயிலை எடைபோடுகிற ஒருத்தியையும் ஈரோட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே பாடுகிற மூன்று பேரையும் பிடித்தார். சும்மா நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளும் இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு இடம் காட்டுவார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுக்கிற இடத்தைக் கேளுங்கள், பாட்டு அங்கேதான் முடிவெடுக்கிறது என்பார். கேட்டவர்கள் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு ஆமாம் சார் என்பார்கள். பாடினவர்களே, இதை நாங்க கவனிக்கல சார் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டில் மனைவி ரெஜினா அதற்கு வைத்திருக்கிற பேர் தலைக்கனம். ஏன் இன்னும் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே எதையோ திருகுகிறாள், எதையோ குறிக்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை. சாயங்காலம்தான் செண்பகாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

செண்பகா. நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பேரே வந்து நிற்கிறது. கோவில்பட்டிப் பெண், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடுகிற வேலை, மொத்தமே நாலு பாட்டு போட்டிருந்தாள். அதில் ஒன்றைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு கை வீட்டில் என்னென்ன செய்கிறது என்று அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு. வாசல் தெளிக்கிற கை, மாவு சலிக்கிற கை, சட்டைக்குப் பட்டன் தைக்கிற கை, கதவைத் திறக்கிற கை. மெட்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசி அடியில் அதே கை சும்மா மடியில் இருக்கிறது, அவ்வளவுதான், பாட்டு முடிந்துவிடுகிறது. போன சனிக்கிழமை அதைத்தான் பரிந்துரைத்தார். குரல் தழுதழுக்கப் பேசினார் என்றுகூடச் சொல்லலாம். வாத்தியம் கிடையாது, தாளம் கிடையாது, பின்னால் ஒரு துரும்புகூட அசையவில்லை, வெறும் குரல், அந்த வெறுமைதான் இந்தப் பாட்டு, வேலையெல்லாம் முடிந்து ஒரு பெண் நிம்மதியாக உட்காருகிற சந்தோஷம் என்றார். வெறும் குரல். அந்த இரண்டு வார்த்தையை எத்தனை முறை சொன்னார். வெறும் குரல் என்று சொல்லும்போது நாக்கில் ஒரு ருசி இருந்தது. மூவாயிரம் பேரும் வெறுமை என்ன வெறுமை என்று மெச்சினார்கள். கரூரிலிருந்து ஒருத்தர் மட்டும், பின்னால கண்ணாடி உரசுற மாதிரி ஏதோ வருதே சார் என்று கேட்டார். அது உங்க போன் ஸ்பீக்கர் கோளாறு, நல்ல ஹெட்போன்ல கேளுங்க என்று இவர் பதில் போட்டார். மன்னிக்கணும் சார் என்று கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டு அவர் அடங்கிவிட்டார். மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்காமல் எப்படி இருக்கும். தங்கள் காதில் விழுந்ததை விட்டுவிட்டு இவர் வாயில் வந்ததை நம்பிவிட்டார்கள், அவ்வளவு மரியாதை.

செவ்வாய்க்கிழமை செண்பகாவின் குரல்பதிவு வந்தது. "சார், நீங்க எங்க மனசு நோகாம நாசூக்கா சொல்லிட்டீங்க, எங்களுக்குப் புரிஞ்சிருச்சு. வளையல் சத்தம் வேண்டாம்னுதான வெறும் குரல் வெறும் குரல்னு சொன்னீங்க. அக்காதான் ஆட்டுனா. கையில போட முடியாதுல்ல சார், அதான் கயித்துல கோத்து வச்சு பாட்டு முழுக்க ஆட்டுனா. இப்ப அதை எடுத்துட்டு வெறும் குரல்ல பாடி அனுப்பியிருக்கேன். நீங்க சரின்னா சனிக்கிழமை பழசைத் தூக்கிட்டு இதைப் போட்டுருவோம்." கேட்டு முடித்ததும் என்ன வளையல் என்றுதான் முதலில் நினைத்தார். பழையதைப் போட்டார். புதியதைப் போட்டார். மறுபடி பழையது, மறுபடி புதியது. வேறு ஹெட்போன் மாற்றினார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. ரெஜினா அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை அவள் பக்கத்தில் வைத்து, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு என்றார், ஏதோ போட்டி வைக்கிறவர்போல. அவள் கத்தியை நிறுத்தவில்லை. இதுல வளையல் இருக்கு, அதுல இல்ல என்றாள். பிறகு, பழையது ஓடி முடிகிற நேரத்தில் கத்தி தானாக நின்றது. "கடைசி அடியில வளையல் நின்னுபோகுதுங்க. அந்தப் பொண்ணுக்குப் புருசன் செத்துட்டான்போல." வாசல் தெளிக்கிற கை, மாவு சலிக்கிற கை, எல்லாக் கையிலும் வளையல் குலுங்கிக்கொண்டே வந்திருக்கிறது, மடியில் சும்மா இருக்கிற கையில் அது இல்லை. பாட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு சாவைச் சொல்லியிருக்கிறார்கள் இரண்டு பெண்கள். அதைப் போய் நிம்மதி என்றார், சந்தோஷம் என்றார். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் செண்பகாவுக்கு எழுதினார். இன்றைக்குச் சனிக்கிழமை.

ரெஜினாவுக்கு இது ஒரு வருஷமாகத் தெரியும், தெரிந்தும் வேறு பேர் வைத்திருந்தாள். காலிங்பெல் அடித்து ஆள் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கும். பாட்டில் முழுகிக் கிடக்கிறார் என்பாள். குக்கர் விசிலை எண்ணச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள், வந்து பார்த்தால் பருப்பு கரிந்து வீடெல்லாம் புகை. மெட்டு ஏதாவது மண்டையில் ஓடியிருக்கும் என்றாள். அவருக்கும் அது பிடித்திருந்தது. இசையில் தோய்ந்த மனிதன் என்று தன்னைப் பற்றி ஒரு படம் மாட்டி வைத்திருந்தார். செவிடன் என்பதற்கு இவ்வளவு அழகான மாற்றுப்பேர் வேறு யாருக்குக் கிடைத்திருக்கும். போன மாசம் தெருக்கூட்டத்தில் எழுந்து, காலையில ஒரு குருவிச் சத்தம் கேக்குதா பாருங்க, எல்லாம் செல்போன் கோபுரத்தால வந்த வினை என்று நெடுநேரம் பேசினார். கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வீட்டு ஜன்னல் ஷேடிலேயே குருவிக் கூடு இருந்திருக்கும், யார் கண்டது. ஷெட்டில் காதடைப்பான் கொடுத்தார்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காதில் இயர்போனைச் செருகி, கிரைண்டர் கத்தலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கடைசிவரை ஏற்றி வைத்துக்கொண்டுதான் அத்தனை பாடகர்களையும் கண்டுபிடித்தார். அங்கேதான் அவருடைய ரசனை வளர்ந்தது. அங்கேதான் இதுவும் போயிருக்கும். எது எதைத் தின்றது என்று இப்போது யாரைக் கேட்பது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது, அவர் அதை நெருங்கவிடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தார், அது நகரவில்லை. இத்தனை வருஷம் இத்தனை பாட்டில் இடம் இடமாகக் காட்டினாரே, காட்டாமல் விட்ட இடங்கள் எத்தனை. தேயிலைக்காரி பாட்டில் என்ன இருந்தது. ஈரோட்டுக்காரர்கள் ஒரு சின்னச் சலங்கை கட்டியிருந்தார்களோ. அதைக் கேட்டுப் பிலவேந்திரன் சார் சொல்வார் என்று காத்திருந்து, சொல்லவில்லை என்றதும், சரி அது நல்லா இல்லபோல என்று அவர்களும் பேசாமல் எடுத்துவிட்டார்களோ. ஒரு பாராட்டால் எத்தனை பேரிடமிருந்து எதை எதைப் பிடுங்கினாரோ, அவருக்கே தெரியாது. இந்த அறையில் காற்றும் இல்லை.

சரிம்மா, புதுசையே போடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்த நினைப்பு செவ்வாய்க்கிழமையிலிருந்து கூடவே வருகிறது, இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. புதியதும் நல்ல பாட்டுதான், குரல் அதே குரல். பழையதை அவர்கள் தூக்கிவிட்டால் யார் போய் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள். பின்னால் ஒரு துரும்புகூட அசையவில்லை என்று அவர் சொன்னது உண்மையாகவே ஆகிவிடும். கரூர்க்காரர்கூட, சார் சொன்னதுதான் சரி, என் போன்தான் கோளாறு என்று நம்பிவிடுவார். பொய்யைச் சொல்லிவிட்டுத் திருத்துவது கஷ்டம். உலகத்தைப் பொய்க்குத் தக்கபடி திருத்திக்கொள்ள இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை பேருக்கு வரும். சேனல் இருக்கும். சனிக்கிழமைகள் இருக்கும். வேலையிலிருந்து வெளியே வந்த பிறகு சனிக்கிழமை இல்லையென்றால் வாரத்தில் அவருக்கு வேறு எந்த நாள் இருக்கிறது. அந்த அக்காவின் பேர் ஆவுடைத்தாய் என்று பாட்டுக்குக் கீழே போட்டிருந்தது. வளையல், ஆவுடைத்தாய். அதை அவர் படித்திருந்தார். பாட்டின் பேர் வளையல் போலிருக்கிறது, எழுதினவள் ஆவுடைத்தாய் போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோனார். வளையல், ஆவுடைத்தாய். மிருதங்கம், இன்னார் என்று போடுவதுபோல அத்தனை பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். இல்லை, காது நன்றாகத்தான் இருக்கிறது, பூம்களைப் பிடித்தவருக்கு வளையல் கேட்காமல் போகுமா, அந்தப் பதிவில்தான் ஏதோ கோளாறு, இதோ இந்தப் பெண் கீச்சென்று ஆரம்பிக்கட்டும், ஒன்றுவிடாமல் பிடித்துக் காட்டுகிறேன். ஆரம்பிக்கட்டும். ஏன் ஆரம்பிக்கமாட்டேன் என்கிறாள். திடீரென்று ஒன்று கேட்டது, மெலிதாக, ஊசி முனைபோல, நிச்சயமாகக் கேட்டது. அழுத்தினார். சுகிர்தா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவருக்கு உற்சாகமாக இருந்தது. இனிமேல் வரும், வரிசையாக வரும் என்று கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கதவு திறந்தது. அவள் வந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"முடிஞ்சிருச்சு சார்."

மெலிந்த சத்தம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று அவர் கேட்டார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் உயரத்துக்கு உட்கார்ந்தாள், அதிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"எல்லாம் போட்டுட்டேன் சார். ரெண்டு காதுலயும். கடைசிவரைக்கும் ஏத்தி ஏத்திப் போட்டேன், நீங்க அழுத்தவே இல்ல. ஒரே ஒரு தடவ அழுத்துனீங்க. அப்ப நான் ஒண்ணும் போடல."

காதில் மெஷின் வைத்தால் பேச்சு நன்றாகப் புரியும் சார், டாக்டர் சொல்வார் என்று ஆதரவாக என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டினார். அப்படியென்றால் அவர் காத்திருந்த அந்த நேரம் முழுக்க அந்த அறையில் சத்தம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு நடுவே உட்கார்ந்துகொண்டுதான் என்ன அமைதி என்று நினைத்திருக்கிறார். அழுகை வந்தது. ஐம்பத்து நாலு வயசில், ஆஸ்பத்திரியில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டு எழுந்தார்.

வராந்தாவில் ஜன்னலோரமாக ஒதுங்கி செண்பகாவின் எண்ணைப் போட்டார். யோசித்துவிட்டுப் போடலாம் என்று ஒரு பக்கம் இழுத்தது. யோசித்தால் சரிம்மா என்று சொல்லிவிடுவோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எடுத்தது வேறு குரல், கொஞ்சம் கனத்த குரல். செண்பகா வேலைக்குப் போயிருக்கிறாள், போன் வீட்டில்தான் கிடக்கிறது, நான் அவள் அக்கா என்றது. இவர் தன் பேரைச் சொன்னதும் மறுமுனையில் எழுந்து நிற்கிற பதற்றம் தெரிந்தது.

"பழசை எடுக்காதீங்கம்மா," என்றார். "வளையலோட இருக்கட்டும்."

"பரவால்ல சார். நீங்க சங்கடப்படாதீங்க. எடுத்துப் பழகுனதுதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. "உங்க வளையல்ல ஒரு குறையும் இல்லம்மா. எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காது போயிருச்சு, இப்பதான் டெஸ்ட் எடுத்தேன். நான் சொன்னதெல்லாம் தப்பு. சாயங்காலம் சேனல்லயும் இதைச் சொல்லிடப்போறேன், எல்லாருக்கும்." மறுமுனை அமைதியாக இருந்தது, அல்லது அவருக்கு அமைதியாக இருந்தது. இனிமேல் எந்த அமைதியையும் அவரால் நம்ப முடியாது. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"சுத்தமாவே கேக்கலியா சார்?"

"பேச்சு கேக்குதும்மா. வளையல் சுத்தமா இல்ல."

இருங்க சார் என்றாள். பெட்டி ஒன்று தரையில் இழுபடுகிற சத்தம் வந்தது, பிறகு அவள் திரும்பி வந்தாள், இப்போது குரல் இன்னும் பக்கத்தில் இருந்தது. "ஆட்டுதேன் சார். இப்பக் கேக்கா?"

அவர் போனைக் காதோடு அழுத்தினார். அவளுடைய மூச்சு கேட்டது. கோவில்பட்டித் தெருவில் ஏதோ லாரி போவது கேட்டது. கேட்குது என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்றும் தெரிந்தது.

"கேக்கலம்மா," என்றார். "நிறுத்தாதீங்க."